பொத்தானின் மஞ்சள் நூல்

“திறந்து காட்டணுமா? எதுக்கு? என் கண்ணு மேல சந்தேகமா?”

இவ்வாறு கேட்டுவிட்டு அந்த வீட்டு அம்மாள் மேசைமேல் இருந்த இரண்டு பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளையும் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். எதிரே நர்ஸ் நின்றிருந்தாள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் தத்தம் மருந்துகளை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று வீடு வீடாகச் சென்று பார்ப்பது அவளுடைய பணி. அப்பகுதியில் அவளை ‘மாத்திரை நர்ஸ்’ என்றே அழைத்தனர். கதவைத் திறந்து உள்ளே விடுபவர்களே அலமாரியைத் திறக்கச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள் என்பது அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

“சந்தேகம் இல்லம்மா. பாக்கறது என் வேலை.”

“காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்க. உனக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் தப்பு மட்டுந்தான் தெரியும்.”

“விடு கழுகு, பாவம் அது. வெயில்ல வந்திருக்கு” என்றார் சன்னலோரத்து நாற்காலியில் கன்னத்தைத் தாங்கியபடி அமர்ந்திருந்த அம்மாளின் கணவர். அவரே அவ்வீட்டின் நோயாளி. லிஃப்ட் பழுது பார்ப்பதையே வாழ்நாள் தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவர்.

‘கழுகு’ என்பது அம்மாளுக்குத் துணிச்சாய ஆலையில் கிடைத்த பெயர். இன்று சாயமேற்றிய துணி நேற்றைய மாதிரித் துணியோடு நிறத்தில் ஒத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் அறையில் அவர் பணியாற்றினார். அவர் ‘ஆகாது’ என்று தலையசைத்தால் வண்டியேறிய துணியும் இறங்கிவரும். துணியில் ஒட்டிய சீட்டு நனையும், கிழியும், இடம் மாறும். நிறம் மட்டும் பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கணவருக்கு வாங்கிய மாத்திரைகள் அனைத்தையும் அட்டைகளிலிருந்து பிதுக்கி ஒரே தட்டில் கொட்டுவார். பிறகு நிறம் பார்த்துப் பிரித்து, ஆலையில் சாயத்தை வெளிச்சம் படாமல் காக்கப் பயன்பட்ட பழுப்புப் புட்டிகளில் இட்டு மூடுவார். உயரமான புட்டியில் வெள்ளை; குட்டையான புட்டியில் இளமஞ்சள்.

வெள்ளை, இரத்த அழுத்தத்துக்கு உரியது. காலையும் இரவும் இரண்டிரண்டு. இளமஞ்சள், இரத்தம் உறையாமல் காப்பது. இரவில் ஒன்றே ஒன்று. பெரியவரின் இதயத் துடிப்பு தாளம் தப்பியதால் அந்த மாத்திரை தேவையாயிற்று. அளவு குறைந்தால் மூளைக்கு ஆபத்து. அளவு மிஞ்சினாலோ சிறு காயத்திலும் இரத்தம் நிற்காது. இரண்டும் வட்டம், அளவிலும் ஒன்றே. அட்டையிலேயே இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று நர்ஸ் வந்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறாள். அம்மாளும் அப்போதெல்லாம் சிரித்திருக்கிறார்.

நர்ஸ் பெரியவரின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. பட்டையை அவிழ்த்தபோது முன்கையில் கருநீலமாக ஒரு திட்டு தெரிந்தது.

“இது என்னய்யா?”

“வாசல் கேட்டு இடிச்சுது. நான் அதைத் திட்டல, அதுவும் என்னைத் திட்டல.”

“பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?”

“ஆடற பல்லு. ரத்தம் வராம தேனா வரும்?”

“பல்வலிக்கு வேற மாத்திரை ஏதாவது போட்டீங்களா?”

“உப்புத் தண்ணிதான்” என்று அம்மாள் குறுக்கிட்டார். “நீ சொன்னதுக்கு மேல ஒண்ணும் இந்த வீட்டுக்குள்ள வராது. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கறேன் நான்.”

“பல்லைப் பிடுங்கறதா இருந்தா முன்னாடியே எனக்குச் சொல்லணும்.”

“பிடுங்கறதுக்கு நான் என்ன செடியா?” என்று பெரியவர் சிரித்தார். சிரித்த வேகத்தில் வலி பிடுங்கவே மறுபடியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நர்ஸ் கவனித்தாள்; எனினும் அதற்குப் பொருள் விளங்கவில்லை.

புறப்படுமுன் அவள் கண்ணில் பட்ட மற்றொன்று அவருடைய சட்டை. சலவை செய்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அதில் ஒரு பொத்தான் மட்டும் பளிச்சென்ற மஞ்சள் நூலால் தைக்கப்பட்டிருந்தது. அவள் பார்வையைப் பின்தொடர்ந்த பெரியவர் பொத்தானைக் கையால் மூடினார்.

“கழுகு தச்சது. சட்டை கிழிஞ்சாலும் பொத்தான் கழராது” என்றார், சற்று அவசரமாக.

“நாளைக்குக் காலைல வந்து ரத்தம் எடுக்கறேன். அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு நர்ஸ் படியிறங்கினாள். புட்டிகளைத் திறக்கச் செய்யாமலேயே இறங்கினாள்.

ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டுவதற்குள்ளேயே அவளுக்குள் ஏதோ ஒன்று அரிக்கத் தொடங்கிவிட்டது. எதையோ பார்த்தோம், பார்த்ததைப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்ற எண்ணம். கருநீலத் திட்டா? அது ஒன்றே போதுமே கவலைப்பட. ஆயினும் அதற்காக நாளை இரத்தம் எடுக்கப்போகிறாள் அல்லவா? கூடிய அழுத்தமா? வலியிருந்தால் கூடத்தானே செய்யும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை கிடைத்தது. விடைகள் எல்லாம் கிடைத்த பின்னும் அரிப்பு அடங்கவில்லை.

அடுத்த வீட்டில் மூச்சிரைப்புக்காரரிடம் ஒரே கேள்வியை இருமுறை கேட்டாள். “இப்பத்தானே சொன்னேன்? மருந்து எனக்கா, உனக்கா?” என்று அவர் கேலி செய்தார். அதற்கடுத்த வீட்டில் இன்சுலின் ஊசியைக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில் வைக்கச் சொல்வதற்குப் பதிலாக உறைபெட்டியில் வைக்கச் சொல்லவிருந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். வழியில் நிறுத்தி அம்மாளின் கைபேசிக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; எவரும் எடுக்கவில்லை. பகலுறக்கமாக இருக்கலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பல்வலிக்காரருக்குப் பகலுறக்கம் எப்படி வரும் என்று அவளுக்குள்ளிருந்தே எதிர்க்கேள்வியும் எழுந்தது.

பிற்பகல் முடியும் வேளையில் அவள் தையற்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. சொட்டு மருந்துகள் இரண்டையும் மருமகள் முறையாக இடுகிறாளா என்று பார்க்கவேண்டும்.

“முதல்ல கையைக் கழுவுங்க. குப்பி முனை இமையில படக்கூடாது. ஒண்ணு விட்டதும் கொஞ்சம் பொறுத்து அடுத்தது” என்று நர்ஸ் சொல்லச் சொல்ல மருமகள் செய்தாள்.

தையற்காரரோ மருந்தைப் பற்றிப் பேசும் மனநிலையிலேயே இல்லை.

“தங்கச்சி, இந்தச் சுவரு என்ன நிறம்?”

“வெள்ளை.”

“அதானே! நான் இத்தனை நாளா மஞ்சள்னு நினைச்சிட்டிருந்தேன். வெள்ளையடிச்சவனைக் கூப்பிட்டுச் சண்டை வேற போட்டேன், ஏண்டா சுண்ணாம்புல காசைத் திருடினேன்னு.” அவர் அறுவை செய்த கண்ணை உள்ளங்கையால் மறைத்தார். “இப்ப மஞ்சள்.” கையை மற்றக் கண்ணுக்கு மாற்றினார். “இப்ப வெள்ளை. மறுபடியும் மஞ்சள். மறுபடியும் வெள்ளை. சினிமா பாக்கற மாதிரி இருக்கு.”

“மாமா, கையைக் கண்ணுகிட்ட கொண்டு போகாதீங்க” என்று மருமகள் அதட்டினாள்.

“இரும்மா. கேளு தங்கச்சி, இதைவிடக் கூத்து ஒண்ணு இருக்கு. எனக்கு எல்லாமே மஞ்சளாத் தெரிஞ்சதுல, மஞ்சள் எது வெள்ளை எதுன்னு பிரிச்சுப் பாக்கவே முடியாமப் போச்சு. ஒரு வருஷமா பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைக்கெல்லாம் மஞ்சள் நூல்ல பொத்தான் வச்சிருக்கேன்! ஒருத்தராவது சொல்லணுமே? வயசான மனுஷன் மனசு நோகுமேன்னு வாயை மூடிக்கிட்டுப் போட்டுட்டுப் போயிருக்காங்க.”

மருமகள் வாய்பொத்திச் சிரித்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை. கையிலிருந்த சொட்டு மருந்துக் குப்பியை மேசைமேல் வைத்தாள், அது உருண்டது, அதைப் பிடிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளைச் சட்டை. மஞ்சள் நூல். உயரமான புட்டி, குட்டையான புட்டி. கூடிய அழுத்தம், கருநீலத் திட்டு. அழுத்தத்துக்கு உரியது குறைவாகவும், இரத்தத்துக்கு உரியது மிகுதியாகவும் உள்ளே போனால் இவையிரண்டும் ஒரே உடம்பில்தானே தோன்றும்?

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?” என்றார் தையற்காரர்.

“நாளைக்கு வர்றேங்க. கண்ணைக் கசக்காதீங்க” என்று கூறியபோதே அவள் வாசலைக் கடந்திருந்தாள்.

மறுபடியும் அழைத்தாள். மறுபடியும் மணி மட்டுமே அடித்தது. வேலை முடிந்து வீடு திரும்புவோரின் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. சிவப்பு விளக்கு பச்சையாவதும், பச்சை விளக்கு ஒரு வண்டியையும் நகர்த்தாமல் மீண்டும் சிவப்பாவதுமாக இருந்தது. முன்னால் நின்ற பாரவண்டியின் பின்பக்கத்தை வெறித்தபடி அவள் இராத்திரி வேளைகளைக் கற்பனை செய்தாள். அம்மாள் உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்து நீட்டுகிறார். பெரியவர் வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறார். எத்தனை இரவுகள்? எத்தனை மஞ்சள்கள்? ஒரு மூடியைத் திருகிப் பார்த்திருந்தால் போதும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வீடு பூட்டியிருந்தது. உள்ளே கைபேசி அடிக்கும் ஓசை கதவு வழியே கேட்டது. அழைப்பவள் தான்தான் என்று உணர்ந்து நர்ஸ் அழைப்பைத் துண்டித்தாள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் எட்டிப்பார்த்தாள்.

“யாரைத் தேடறீங்க? அவங்க பல்லு பிடுங்கப் போயிருக்காங்க. நர்ஸ் வந்தா சொல்லாதே, அது தெரிஞ்சா தள்ளிப்போடச் சொல்லும்னு சொல்லிட்டுப் போனாங்க.” சொல்லி முடித்த பிறகே அவள் நர்ஸின் வெள்ளை மேலங்கியைக் கவனித்தாள். “ஐயையோ, நீங்க நர்ஸா?”

“எந்த டாக்டர்?”

“கடைவீதி முனையில, பேக்கரிக்கு மேல...”

நர்ஸ் அதற்குமேல் நிற்கவில்லை. காலையில் அவ்விருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதன் பொருள் இப்போது விளங்கிற்று. நிற்காத இரத்தத்தோடு ஒரு மனிதர் பல்லைப் பிடுங்கிக்கொள்ளச் சென்றிருக்கிறார். ஈறு ஒருமுறை கிழிந்துவிட்டால் அதை எப்படி அடைப்பது?

பேக்கரிக் கட்டடத்தின் லிஃப்ட் திறந்தபடி நின்றிருந்தது. அதன் கதவடியில் மண்டியிட்டு ஒருவர் திருப்புளியால் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு பெரியவர், கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு...” என்று மூச்சிரைக்கக் கேட்டாள் நர்ஸ்.

“அவரா! ரொம்ப நேரம் இங்கேதான் நின்னாரு. கதவுல காதை வச்சுக் கேட்டுட்டு, உருளை தேஞ்சிருக்குன்னு சொல்லி என்னை வேலையும் செய்ய விடல, அவரும் போகல. கடைசியில அந்தம்மா காதைப் பிடிக்காத குறையா இழுத்துட்டுப் போனாங்க. போயி அரை மணி நேரம் இருக்கும். படியில போங்க, இது ஓடாது.”

அவள் படிகளில் ஓடினாள். வரவேற்பு மேசையிலிருந்த பெண் “மேடம், டோக்கன்” என்று எழுந்தபோது உள்கதவு திறந்திருந்தது.

சாய்வு நாற்காலியில் பெரியவர் படுத்திருந்தார். கழுத்தில் காகிதத் துண்டு கட்டியிருந்தது. தலைக்குமேல் வெள்ளை விளக்கு எரிந்தது. பக்கத்தில் பல் மருத்துவர் பஞ்சை ஈறில் அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தார். தட்டில் ஏற்கெனவே சிவந்த பஞ்சுகள் கிடந்தன. அம்மாள் சுவரோரம் ஒரு முக்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

“பல்லைப் பிடுங்கிட்டீங்களா?” என்றாள் நர்ஸ்.

“நீங்க யாரு?”

“இவரோட மருந்துங்களைப் பாத்துக்கற நர்ஸ். தயவுசெய்து பல்லைத் தொடாதீங்க.”

“இன்னும் தொடல. மரத்துப்போற ஊசி மட்டும் போட்டேன். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார்னு இவங்க சொன்னாங்க, போன மாசப் பரிசோதனைச் சீட்டும் காட்டினாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துது. ஆனா ஊசி குத்தின இடத்துல ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. அதான் யோசிச்சிட்டிருக்கேன்” என்றார் மருத்துவர்.

“கோள் சொன்னது யாரு? அந்த எதிர்வீட்டுக்காரியா?” என்று அம்மாள் சீறினார்.

“அம்மா, புட்டி ரெண்டும் எங்கே?”

“பையிலதான். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் மருந்தெல்லாம் எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னவளே நீதானே?”

நர்ஸ் உயரமான புட்டியைக் கேட்டாள். இம்முறை அம்மாள் மறுக்கவில்லை. வெள்ளைக் காகிதம் விரித்த எஃகுத் தட்டில், அந்தப் பளீர் விளக்கின் அடியில், நர்ஸ் புட்டியைக் கவிழ்த்தாள். மாத்திரைகள் சலசலவென்று கொட்டிப் பரவின.

வெள்ளையும் மஞ்சளும் சோற்றில் கலந்த பருப்பைப்போலக் கலந்து கிடந்தன.

மருத்துவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் அம்மாளைப் பார்த்தாள். அம்மாள் எழுந்து வந்து, தட்டை நோக்கிக் குனிந்து, நிமிர்ந்தார்.

“பாத்தியா? அத்தனையும் வெள்ளை. ஒண்ணு கூட மாறல.” அந்தக் குரலில் காலையில் கேட்ட செருக்கு அப்படியே இருந்தது.

எவரும் பேசவில்லை. வெளியே லிஃப்டின் கதவு ஒருமுறை தானாக மூடித் திறந்த ஓசை கேட்டது. பெரியவர் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கித் தட்டைப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். உதட்டின் ஒருபாதி மரத்திருந்ததால் அவர் சொன்னது குழறலாகவே வந்தது.

“கயுகு...”

அம்மாள் அந்த மௌனத்தை இப்போதுதான் கேட்டார். ஆலையில் ஒரு துணியைப் பற்றி எல்லோரும் ஒன்று நினைத்துச் சொல்லத் துணியாதபோது நிலவும் மௌனம் அது. அதை அவர் நன்கு அறிவார். தட்டிலிருந்து கைக்கு வந்த இரண்டு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு விளக்கைவிட்டு விலகிச் சன்னலண்டை சென்றார். நிறம் பார்ப்பதற்கு விளக்கு வெளிச்சம் ஆகாது. பகல் வெளிச்சமே உரைகல். மாலை இன்னும் மங்கவில்லை; வெளிச்சம் போதிய அளவு இருந்தது. இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சாய்த்துப் பார்த்தார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது ரெண்டும் வேற வேறயா?” என்று திரும்பாமலே கேட்டார்.

“ஆமாம்மா” என்றாள் பின்னால் வந்து நின்ற நர்ஸ்.

“எது வெள்ளை?”

“சுண்டுவிரல் பக்கம் இருக்கறது.”

அம்மாள் அம்மாத்திரைகளைத் தட்டில் மெல்ல வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “கெளம்பலாம். ஆஸ்பத்திரிக்குத்தானே?” என்றார்.

மருத்துவர் ஈறில் மருந்திட்ட துணிச்சுருளை வைத்து, வாயை இறுக மூடிக் கடித்துக்கொள்ளச் சொன்னார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் செய்தியும் சொன்னார். வாடகைக் காரின் பின்னிருக்கையில் கணவனும் மனைவியும் அமர, முன்னிருக்கையில் நர்ஸ் உடம்பை முழுக்கத் திருப்பிக்கொண்டு அமர்ந்தாள். பெரியவரின் உதட்டோரத்தையே அவள் கண்கள் காவல் காத்தன. தலை சுற்றுகிறதா, தலை வலிக்கிறதா என்று அவள் கேட்பதும், அவர் இல்லையென்று தலையசைப்பதுமாக வண்டி ஊர்ந்தது.

அம்மாளின் பார்வை அவருடைய சட்டைமேல் நின்றது.

“காலைல இவ பாத்ததும் பொத்தானை மூடினீங்களே, ஏன்?”

அவரால் பேச இயலாது, வாயில் துணி.

“அதுல என்ன நூலு?”

அவர் நர்ஸைப் பார்த்தார்.

“அவளைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. வெள்ளை நூல் இல்லையா அது?”

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

“எனக்குக் கண்ணு போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தலை மெல்ல மேலும் கீழும் அசைந்தது.

“தெரிஞ்சும் சொல்லல! ஏன்? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!”

“அம்மா, திறக்கக்கூடாது” என்றாள் நர்ஸ்.

அம்மாள் கார்க்கண்ணாடியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆயினும் இருக்கையின் நடுவில் கிடந்த கணவரின் கையை அவர் கை இறுகப் பற்றியிருந்தது.  

இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தபோது பணியிலிருந்த மருத்துவர் ஒருகணம் புருவத்தை உயர்த்தினார். இரத்தம் உறைய எடுக்கும் நேரம் இருக்கவேண்டிய அளவைவிட வெகுவாகக் கூடியிருந்தது. முறிமருந்தை ஏற்றினார்கள். தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உள்ளே கசிவு இல்லை. “பல்லைப் பிடுங்கியிருந்தா இந்நேரம் நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம். காலைல மறுபடி ரத்தம் எடுப்போம். அளவு இறங்கற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்” என்றார் மருத்துவர்.

ஈறின் கசிவு சிறிது சிறிதாகக் குறைந்தது. மரப்பும் நீங்கியது. துணியை எடுத்ததும் பெரியவர் முதலில் தண்ணீர் கேட்கவில்லை.

“சொன்னா நீ தைக்கறதையே விட்டுடுவே” என்றார். “அதான் சொல்லல.”

“மாத்திரை?”

“மாத்திரையை நான் எங்கே பாத்தேன்? நீ கையில வச்சா வாயில போட்டுப்பேன். நிறத்தைப் பாக்கத்தான் வீட்டுல ஒரு கழுகு இருக்கே.”

“கழுகாம் கழுகு! ரெண்டு பேருமாச் சேர்ந்து உசுரை விட்டிருப்போம்.” அம்மாள் எழுந்தார், உட்கார்ந்தார், தலையணையை நிமிர்த்தினார், நிமிர்த்தியதை மறுபடி சாய்த்தார். “ஆனைக்கும் அடி சறுக்கும்னு வைங்க. ஆனா ஆனைக்குச் சறுக்கினா தெரியுமே! எனக்குத் தெரியவே இல்லையே. கொஞ்சம் மங்கலாச்சும் இருந்துதா? பளிச்சுன்னுதான் இருந்துது எல்லாம்.”

“அப்படித்தாம்மா வரும். கொஞ்சம் கொஞ்சமா வர்றதால நமக்கே தெரியாது. புரை எடுத்துட்டாச் சரியாயிடும். இன்னைக்குக்கூட ஒருத்தரைப் பாத்துட்டுத்தான் ஓடி வந்தேன்” என்றாள் நர்ஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, “காலைலயே நான் பிடிவாதமா மூடியைத் திறந்திருக்கணும்” என்றாள்.

“திறக்க விட்டிருப்பேனா நான்? கையைக் கடிச்சிருப்பேன்.”

பெரியவருக்கு மருத்துவமனை அங்கி அணிவித்திருந்ததால் அவருடைய வெள்ளைச் சட்டை அம்மாளின் மடியில் மடிந்து கிடந்தது. அம்மாள் அதை எடுத்து விரல்களால் தடவி, பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுவந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். தாமே தைத்த பொத்தானை அவர் விரல் அறியும். குனிந்து நூலைப் பல்லால் கடித்து இழுத்தார். நூல் அறுந்தது, பொத்தான் அவர் கைக்கு வந்தது.

“பல்லு போறது எனக்கு மட்டுந்தான்னு நினைச்சேன். இப்ப உனக்கும் போகப்போகுது” என்றார் பெரியவர்.

“நீங்க சும்மா படுங்க. பொண்ணே, எதிர்ல கடை திறந்திருக்கா? வெள்ளை நூல் ஒண்ணு வாங்கிட்டு வா. ஊசி என் பையில இருக்கு.” சற்று நிறுத்தி, அதுவரை எவரிடமும் சொல்லியிராத ஒன்றை அவர் சொன்னார். “நீயே பாத்து எடு.”

கடைக்காரர் நூல்பெட்டியை நர்ஸின் முன் தள்ளிவிட்டு வேறு வாடிக்கையாளரிடம் சென்றுவிட்டார். வெள்ளை என்று நினைத்து எடுத்த நூற்கண்டுக்குப் பக்கத்தில் மற்றொரு வெள்ளை இருந்தது. அதன்முன் முதலாவது நீலம் பாய்ந்ததுபோல் தோன்றிற்று. மூன்றாவது ஒன்று எலுமிச்சைத் தோலின் உட்புறம்போல் இருந்தது. அவள் ஒவ்வொன்றையும் தன் மேலங்கிக் கையோடு வைத்துப் பார்த்தாள். அம்மேலங்கியே வெள்ளைதானா என்று இப்போது ஐயம் வந்தது. அவள் இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை மூடிகளைத் திறக்காமல் வந்திருக்கிறாள்? நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அவ்வீடுகளை வரிசையாக நினைத்தாள். நாளை எந்தத் தெருவிலிருந்து தொடங்குவது? கடைசியில் மூன்று கண்டுகளையும் வாங்கிக்கொண்டு வெளியேறினாள்.

அவள் திரும்பியபோது மருத்துவமனைப் பிரிவின் நர்ஸ் சிறு காகிதக் கிண்ணத்தில் பெரியவருக்கான இரவு மாத்திரைகளைக் கொண்டுவந்திருந்தாள். பழக்கத்தால் அம்மாளின் கை நீண்டது. கிண்ணம் அந்தக் கைக்கு வந்துவிட்டது. வந்தபின் அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். கணவரிடம் நீட்டவும் இல்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

பெரியவர் தலையணையிலிருந்து எழுந்து நிமிர்ந்தார். வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

“இது எதுக்கும்மா? பேர் என்ன?” என்று பிரிவு நர்ஸைக் கேட்டார்.

அவள் அட்டையைக் காட்டிப் பெயரைப் படித்தாள். அழுத்தத்துக்கு உரியது என்றாள். இரத்தத்துக்கானது இப்போதைக்கு நிறுத்தம் என்றாள். அவர் அட்டையை வாங்கிக் கண்ணருகே கொண்டுசென்று எழுத்தெழுத்தாக ஒருமுறை தாமும் படித்தார். பிறகு மனைவியின் கையிலிருந்த கிண்ணத்துக்குள் எட்டிப்பார்த்தார்.

“சரிதான். கொடு.”

“என்ன நிறம்?” என்று கேட்டார் அம்மாள்.

“வெள்ளை.”

அம்மாள் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. நர்ஸின் கையிலிருந்த மூன்று நூற்கண்டுகளையும் ஒருமுறை பார்த்து, கணவரிடம் திரும்பினார்.

“எந்த வெள்ளை?” என்றார்.